நிமிராத கால்

ஏசுரத்தினத்தின் இடது முழங்கால் முதன்முதலாகப் பூட்டிக்கொண்டது கிறிஸ்துமஸுக்கு முந்தைய மழையில். சேற்றில் புதைந்த ஜீப்பின் சக்கரத்துக்கு அடியில் கல் கொடுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தவன், எழும்போது உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பினான். முட்டிக்குள் டொக்கென்று ஏதோ நழுவியது. அன்று ராத்திரி வீங்கி, ஒரு வாரத்தில் வற்றியும் போனது. அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தான்.

விடவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கும்போதோ, மாதா கோயிலில் முழங்காலிட்டு எழும்போதோ, கால் பாதி மடங்கிய நிலையில் அப்படியே நின்றுவிடும். மடக்கினால் மடங்கும், நீட்டத்தான் முடியாது. காலைத் தொங்கவிட்டு, பாதத்தை உள்ளும் வெளியுமாகத் திருகி, ஒரு தினுசாக உதறினால் உள்ளே எதுவோ இடம் மாறி விடுபடும். அந்த வித்தையை அவனாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான். வெளியே யாருக்கும் தெரியாது. கூட இருப்பவளிடம் மறைக்க முடியுமா? அவன் மனைவி கத்தரீனாள் பார்த்துவிட்டாள்.

அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் அடிமாலிக்குப் போய் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினான். அவர் காலை மடக்கித் திருகிப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"முட்டிக்குள்ள ரெண்டு எலும்புக்கும் நடுவுல பிறை நிலா மாதிரி ஒரு ஜவ்வு உண்டு. அது கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச துண்டு மடிஞ்சு நடுவுல போயி மாட்டுறப்பதான் உங்களுக்குக் கால் நீள மாட்டேங்குது. கதவு இடுக்குல துணி சிக்கினா கதவு சாத்த வராதில்லையா, அதே கணக்குதான். இப்ப உதறினா வெளிய வருது. ஒரு நாள் வராது. அன்னைக்கு யாரையும் பிடிச்சு இழுக்க விடாதீங்க. இழுத்தா கிழிசல் பெருசாகும். சின்னத் துவாரம் போட்டுச் சரி பண்ணிடலாம். தள்ளிப் போடாதீங்க."

ஏசுரத்தினம் தலையாட்டிவிட்டு வந்தான். வந்து தள்ளிப் போட்டான். மே மாத டூரிஸ்ட் கூட்டம் முடியட்டும் என்றான், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்றான். உண்மையில் அவனுக்கு இருந்தது பயம். ஸ்டியரிங்கை ஒருமுறை இன்னொருத்தன் கையில் கொடுத்தால் அது திரும்பி வராது என்று மூணாறு ஜீப் டிரைவர்கள் எல்லோருக்கும் உள்ள பயம்.

அது ஜூலை மாதம். மழை கொஞ்சம் விட்டிருந்த காலைப்பொழுது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குக் கீழே ஜீப்பை நிறுத்தி, அவன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மற்ற ஜீப்புகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தன. அப்போதுதான் மேல் ரோட்டிலிருந்து மாரீஸ்வரியின் குரல் கேட்டது. மாரீஸ்வரி பக்கத்து வீட்டுக்காரி. கத்தரீனாளோடு அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள்.

"அண்ணே, வண்டிய எடுங்க. மதினிய குளவி கொட்டிருச்சு."

தேயிலைத் தூருக்குள் கூடு இருந்திருக்கிறது. கத்தரீனாளின் வெட்டுக்கத்தரி பட்டதும் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. மற்ற பெண்கள் கீழே ஃபேக்டரிப் பக்கம் ஓடினார்கள். கத்தரீனாள் கண் தெரியாமல் மேலே ஓடிவந்து ரோட்டோரத்தில் விழுந்தாள். கூடவே ஓடிவந்தவள் மாரீஸ்வரி ஒருத்திதான். அவள் கையிலும் கழுத்திலும் கொட்டுப்பட்டிருந்தது. ஆனால் அவளால் நிற்க முடிந்தது.

ஏசுரத்தினம் போய்ப் பார்த்தபோது அவனுக்குத் தன் பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை. கண்கள் இரண்டும் வீங்கிக் கோடாகியிருந்தன. உதடு தடித்து வெளியே தள்ளியிருந்தது. கழுத்திலும் மார்பிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"ஏங்க... தொண்ட அடைக்குது," என்றாள். அது அவள் குரலாகவே இல்லை.

இரண்டு பேருமாகத் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். மாரீஸ்வரி அவளை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். கல்லும் குழியுமான ரோட்டில், போகக்கூடாத வேகத்தில் போனான். மாரீஸ்வரி ஒரு கையால் செல்போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். ரேஞ்ச் இல்லை. அந்தச் சரிவில் என்றைக்குமே இருந்ததில்லை.

ஓடை திரும்புகிற இடத்தில் ஒரு யூகலிப்டஸ் கிளை ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. பெரிய கிளை இல்லை. இறங்கி ஓரமாகத் தள்ளினால் போதும். இன்ஜினை ஓடவிட்டே இறங்கினான். குத்தவைத்து, அடியில் கை கொடுத்துத் தூக்கி, பள்ளத்துப் பக்கமாக வீச உடம்பைத் திருப்பினான்.

முட்டிக்குள் அதே நழுவல்.

கிளையோடு சேர்ந்து விழுந்தான். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து காலைத் தூக்கிப் பிடித்து, பாதத்தைத் திருகி உதறினான். வரவில்லை. வெளிப்பக்கமாகத் திருகி உதறினான். வரவில்லை. இதற்கு முன்னால் இப்படி ஆனதில்லை. உள்ளே கல்லை வைத்து அடைத்ததுபோல் இருந்தது. நிமிர்த்தப் பார்க்கும்போதெல்லாம் மூட்டின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் சுரீரென்று குத்தி, கால் தானாகவே மடங்கியது.

"அண்ணே, என்னண்ணே பண்றீங்க? மதினி கண்ண மூடுறாங்க."

பம்பரைப் பிடித்து எழுந்தான். ஜீப்பைத் தடவித் தடவி ஒற்றைக் காலில் தத்தி வந்து சீட்டில் ஏறினான். இடது காலைக் கையால் தூக்கி கிளட்ச்சின் மேல் வைத்து அழுத்தினான். பாதி தூரம் போனது. அதற்கு மேல் முட்டி விடவில்லை. இடுப்பைச் சரித்து, முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து, உடம்பு மொத்தத்தையும் தள்ளிப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கியர் விழவில்லை. கரகரவென்று அரைத்துவிட்டு வெளியே தள்ளியது. குதிகாலால் அழுத்தினான். முழங்காலைக் கையால் அமுக்கினான். எதுவும் ஆகவில்லை.

கிளட்ச் இல்லாமல் கியரில் போட்டே ஸ்டார்ட் பண்ணி, சமதரையில் ஓட்டியது உண்டு. பாலம் வரைக்கும் இறக்கம், எப்படியாவது போய்விடலாம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரை ஏற்றம். வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும். நடுவில் நின்றுபோனால் அந்த வண்டி ஏற்றத்தில் அப்படிக் கிளம்பாது. வண்டியின் ஹேண்ட் பிரேக்கும் பேருக்குத்தான்.

"மாரி, இங்க வா. என் கால இழு."

"என்னண்ணே?"

"பூட்டிக்கிச்சு. புடிச்சு இழு. நேராகுற வரைக்கும் விடாத."

டாக்டர் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும்தான் சொன்னான். மாரீஸ்வரி கீழே இறங்கி வந்து, அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். அவன் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டான். கண்ணுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. வாயில் உப்புக் கரித்தது, உதட்டைக் கடித்திருக்கிறான். கால் ஓர் அங்குலம்கூட நிமிரவில்லை. அவள் பயந்துபோய் விட்டுவிட்டாள்.

"நா ஓடிப்போயி யாரையாச்சும் கூட்டிட்டு வரட்டுமாண்ணே?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். கத்தரீனாள் பலகை சீட்டில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். மூச்சு விசில் மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. லயத்துக்குத் திரும்பி ஓடினாலும் வண்டி இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் யார் எப்போது வந்து சேர்வது? முன்பு ஏற்பட்ட மண்சரிவுக்குப் பிறகு இந்த வழியில் பஸ்ஸும் இல்லை. அவனுக்கு ஜெபம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சிறு வயதிலிருந்து சொல்லிவந்த ஜெபத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். தன் முழங்காலை முஷ்டியால் குத்தினான். மறுபடி குத்தினான்.

"அடிக்காதீங்கண்ணே," என்று மாரீஸ்வரி அவன் கையைப் பிடித்தாள்.

குனிந்திருந்த அவன் கண்ணில் அப்போது அவள் கால் பட்டது. சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ்.

"மாரி, நீ நடு சீட்டுல உக்காந்தா உன் கால் இது வரைக்கும் எட்டுமா?"

அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் வெளுத்தது. "எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுண்ணே."

"ஓட்டுறது நாந்தான். நீ இத மட்டும் அமுக்கு."

கத்தரீனாளைப் பின்னால் தனியாக விட முடியாது. முன் சீட்டுக்கு மாற்றியாக வேண்டும். ஏசுரத்தினம் மறுபடி இறங்கினான். ஒரு கையால் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் அக்குளில் கொடுத்து இழுத்தான். மாரீஸ்வரி கால் பக்கம் தூக்கினாள். கத்தரீனாள் கனத்துத் தொங்கினாள். நடுவில் அவன் பிடி நழுவி, மூன்று பேருமாகச் சேற்றில் சரிந்தார்கள். கத்தரீனாளின் தலை ஜீப்பின் படியில் இடித்தது. அவள் முனகக்கூட இல்லை. அந்த முனகல் வராததுதான் அவனைப் பைத்தியமாக்கியது. எப்படித் தூக்கினார்கள், எப்படி முன் சீட்டில் ஏற்றினார்கள் என்று பின்னால் அவனுக்கு நினைவில்லை. மாரீஸ்வரி ஓடிப்போய்க் கிளையைக் காலால் எத்தி ஓரம் தள்ளிவிட்டு வந்து நடுவில் ஏறினாள். இடது கையால் கத்தரீனாளை அணைத்துக்கொண்டாள். வலது காலை கியர் கம்பிக்கு மேலாகத் தூக்கிப் போட்டு கிளட்ச்சில் வைத்தாள். ஏசுரத்தினத்தின் மடங்கிய கால் அவள் காலுக்கும் கதவுப் பக்கத்துக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்தது.

"அமுக்குன்னா அடி வரைக்கும் அமுக்கு. விடுன்னா மெதுவா விடு. தூங்குற பிள்ளையத் தொட்டில்ல போடுவியே, அப்படி."

அமுக்கினாள். முதல் கியரைப் போட்டான். "விடு" என்றான். அவள் வெடுக்கென்று எடுத்தாள். ஜீப் எகிறிக் குதித்து நின்றுபோனது.

"பரவாயில்ல. மறுபடி."

இரண்டாம் தடவையும் நின்றது. மாரீஸ்வரி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அமுக்கினாள். மூன்றாம் தடவை ஜீப் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நகர்ந்தது.

இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே பாலம் வரை விட்டான். மாரீஸ்வரி ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழியிலும் அவள் தொடை அவன் முட்டியில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அவனுக்கு உயிர் போய் வந்தது. அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் காலை எடுத்துவிடுவாள்.

"கத்தரீனா மூச்சு விடுறாளா பாரு."

"விடுறாங்க. ரொம்ப மெதுவா."

பாலம் தாண்டி இரண்டாவது வளைவில்தான் அது நடந்தது. "அமுக்கு" என்று அவன் சொன்ன நேரத்தில் கத்தரீனாள் முன்னால் சரிந்தாள். மாரீஸ்வரி அவளைப் பிடிக்கத் திரும்ப, கால் நழுவியது. கியர் அலறியது. இன்ஜின் அணைந்தது. ஜீப் நின்று, ஒரு கணம் யோசிப்பதுபோல் இருந்து, பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தான். நனைந்த ரோட்டில் சக்கரம் வழுக்கிக்கொண்டே போய், பின்பக்கம் ஓரத்து மண்ணில் ஏறி நின்றது. கண்ணாடியில் பார்த்தான். பின் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகளின் தலைகள்தான் தெரிந்தன, அவையும் வெகு கீழே.

அவனுடைய நல்ல கால் பிரேக்கில். அதை எடுத்தால் வண்டி பள்ளத்தில். எடுக்காவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க ஆள் இல்லை.

"மாரி," என்றான். குரல் தானாகவே தாழ்ந்திருந்தது. "இப்ப நா ஸ்டார்ட் பண்றேன். நீ அமுக்கிட்டே இரு. அப்புறம் நா சொல்றப்ப கொஞ்சம் கொஞ்சமா விடு. இன்ஜின் சத்தம் அடங்கி முக்க ஆரம்பிக்கும். அங்க அப்படியே நிறுத்து. விடவும் கூடாது, அமுக்கவும் கூடாது."

"என் கால் நடுங்குதுண்ணே."

"எனக்கும்தான் நடுங்குது. செய்."

முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் பண்ணினான், இன்ஜின் பிடித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தளர்த்தினாள். சத்தம் தாழ்ந்தது, வண்டி குலுங்கியது, முக்கியது. அவள் அங்கேயே பிடித்து நிறுத்தினாள். ஏசுரத்தினம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். ஜீப் பின்னால் போகவில்லை. ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை மிதித்தான். "விடு, விட்ரு" என்றான். பின் சக்கரம் மண்ணை வாரி இறைத்துவிட்டு ரோட்டில் ஏறியது. அதற்குப் பிறகு அவன் கியரே மாற்றவில்லை. முதல் கியரிலேயே, இன்ஜின் கதறக் கதற, ஆஸ்பத்திரி வாசல் வரை ஏற்றினான்.

உள்ளேயிருந்து ஆட்கள் ஓடிவந்து கத்தரீனாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாரீஸ்வரியும் கூட ஓடினாள். ஏசுரத்தினத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்க முயன்று வாசல் சிமெண்டில் விழுந்தான். முழங்கையை ஊன்றி இழுத்து இழுத்து, அவசர சிகிச்சை அறைக் கதவு வரை போனான். கதவு சாத்தியிருந்தது. அதன் அடியில் செருப்புக் கால்கள் அங்குமிங்கும் ஓடுவது மட்டும் தெரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டம் நின்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் என அவனாகவே முடிவு செய்துகொண்டான். ஆகவே அவை ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

ஜிபி என்ற டாக்டர் வெளியே வந்தார். இளவயதுப் பெண். நெற்றியெல்லாம் வியர்வை.

"தொடையில ஊசி போட்டாச்சு. மூச்சுத் திணறல் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. பிரஷர் நிக்க மாட்டேங்குது, ரெண்டாவது ஊசியும் போட்டிருக்கேன். இங்க வெச்சுப் பார்க்க முடியாது, கோட்டயத்துக்குக் கொண்டுபோகணும்." சொல்லிக்கொண்டே கீழே பார்த்தவர் குந்தி உட்கார்ந்தார். "இது என்ன, கால் ஏன் இப்படி? உங்களுக்கும் கொட்டிச்சா?"

"பொழச்சுக்குவாளா?"

"அதான் பார்த்துட்டு இருக்கோம். காலைக் காட்டுங்க."

அவர் முட்டிக்கு அடியில் கை வைத்து மெல்ல நீட்டப் பார்த்தார். பாதியில் நின்றது. அத்தோடு விட்டுவிட்டு, தலையணையை மடித்து அடியில் வைத்துக் கட்டச் சொன்னார். "யாரும் இழுக்க வேண்டாம்," என்றார்.

ஆம்புலன்ஸில் இருவரையும் ஒன்றாக ஏற்றினார்கள். அவள் படுக்கையில், அவன் பக்கத்துப் பலகையில் காலை மடக்கியபடி. மலை இறங்குகிற வழி முழுக்க அவள் முகத்தை மூடிய ஆக்சிஜன் மாஸ்க்கில் ஆவி படிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். படியும், மறையும். மறைந்து அடுத்தது படிவதற்குள் அவன் செத்துப் பிழைத்தான். அடிமாலி தாண்டியபோது வீங்கிய இமைக்கு நடுவில் அவள் கண் லேசாகத் திறந்தது. அவனைத் தேடியது. முகத்தைப் பார்த்து, பிறகு கீழே இறங்கி அவன் காலில் நின்றது. மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"பூட்டிக்கிச்சா?"

தலையாட்டினான். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

கத்தரீனாள் பிழைத்தாள். அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, கோட்டயத்தில் அதே ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆபரேஷன் ஆனது. கிழிந்த ஜவ்வு கயிறு மாதிரி சுருண்டு மூட்டுக்கு நடுவில் இறுகியிருந்ததாகவும், அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துத் தைத்திருப்பதாகவும் சர்ஜன் சொன்னார். ஆனால் இத்தனை மாதம் உதறி உதறி ஓட்டியதில் எலும்பின் வழவழப்புப் பல இடங்களில் தேய்ந்துபோயிருந்தது. தையல் பிடிக்கும்வரை கால் ஊன்றக் கூடாது. இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது. ஜீப் ஓட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். ஏசுரத்தினம் கேட்க நினைத்ததும் அதைப் பற்றித்தான்.

வார்டில் கத்தரீனாள் அவன் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, கொட்டின இடங்கள் கறுத்திருந்தன. அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு மாரி கூட வரலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"டாக்டர் சொன்னப்பவே செஞ்சிருக்கலாம்ல? நா எத்தன தடவ சொன்னேன்? வண்டில பிள்ளைகள ஏத்திட்டுப் போறீங்களே, அதுகளோட போறப்ப இப்படி ஆயிருந்தா?"

"கத்தரீனா..."

"எனக்கு ஒங்க மேல கோவம் தீரல. தீருமான்னும் தெரியல." அவள் குரல் உயரவில்லை. எழுந்து, பிளாஸ்கிலிருந்து கஞ்சியை ஊற்றி, ஆற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

லயத்துக்குத் திரும்பினார்கள். ஜீப்பை ஜோமோன் என்ற வேறு டிரைவர் ஓட்டினான். காலையில் அது ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏசுரத்தினம் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். கத்தரீனாள் தேயிலைக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை கொட்டினால் இவ்வளவு நேரம்கூடக் கிடைக்காதாம். ஃபேக்டரிக்குள் வேலை கேட்டிருந்தாள். பதில் வரவில்லை. ஈ பறந்தாலும் அவள் உடம்பு உதறியது.

ஆபரேஷன் செய்த காலின் தசை சூம்பிப் போயிருந்தது. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தி நிறுத்த வேண்டும் என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆபரேஷன் ஆகியும் கால் முழுசாக நிமிரவில்லை. பயத்தில் தசை இறுகிக்கொள்கிறது, பழக்கினால்தான் வரும் என்றிருந்தாள். ஏசுரத்தினம் அழுத்துவான், வலிக்கும், விட்டுவிடுவான். சில நாள் செய்யவே மாட்டான்.

ஒரு காலையில் கத்தரீனாள் துண்டை எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"என் கையில படுற மாதிரி அழுத்துங்க."

அவன் கண்ணை மூடி அழுத்தினான். தொடை நடுங்கியது. முதுகு வியர்த்தது.

"படுதா?" என்றான்.

"இல்ல."

மறுபடி அழுத்தினான். முட்டிக்குள் அந்தப் பழைய இடம் வருகிறதென்று அவன் உடம்பு முழுக்க பயம் ஓடியது. அங்கேதான் எப்போதும் நிற்கும். அவன் நிறுத்தப்போனான்.

"நிறுத்தாதீங்க."

குத்தல் வரவில்லை. அந்த இடத்தைத் தாண்டிக் கால் மெல்ல இறங்கியது. அவள் கை கட்டிலோடு அமுங்கியது. அவள் அதை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"இப்பப் படுதா?"

"படுது," என்றாள். "வலிச்சா சொல்லுங்க. மறைக்காதீங்க."

"வலிக்குது," என்றான் ஏசுரத்தினம்.

"எங்க வலிக்குது, காட்டுங்க," என்று அவள் குனிந்தாள்.